நுரையீரல் மேக்ரோபேஜும் மண்ணீரல் மேக்ரோபேஜும் ஒன்றல்ல

பள்ளிப் பாடப்புத்தகத்தில் மேக்ரோபேஜ் பற்றி ஒரு வரி வரும்: கிருமியை விழுங்கிச் செரிக்கும் வெள்ளணு. அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தால் பல விஷயங்கள் புரியாது. கிருமியைத் தின்பதுதான் வேலை என்றால், காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் போனதும் முதலில் குடியேறுவது மேக்ரோபேஜுக்குள்ளேயே, அது எப்படி? கோடானுகோடி பாக்டீரியா வாழும் குடலில், சுவரை ஒட்டியே மேக்ரோபேஜ்கள் நெருக்கமாக இருந்தும், நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடல் புண்ணாகாமல் இருப்பது எதனால்? மண்ணீரலை எடுத்துவிட்ட ஒருவருக்கு உடம்பின் மற்ற எல்லா இடத்திலும் மேக்ரோபேஜ் இருக்கத்தானே செய்கிறது, அப்புறம் ஏன் நிமோகாக்கஸ் தொற்று வந்தால் ஓரிரு நாளுக்குள் உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது?

அந்தச் செல் எந்த உறுப்பில் குடியிருக்கிறது என்று பார்த்தால்தான் இதற்கெல்லாம் பதில் கிடைக்கும். நுரையீரல், குடல், கல்லீரல் மூன்றிலிருந்தும் மேக்ரோபேஜை எடுத்து அவற்றின் முன்னால் ஒரே கிருமியை வைத்தால், மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். அதனால் "மேக்ரோபேஜ் இதைச் செய்யும்" என்று உறுப்பின் பெயரே இல்லாமல் யாராவது எழுதினால், நான் அதைப் பாதிதான் நம்புவேன்.

முதலில் இவை எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தத் துறையில் கடந்த 15 வருடத்தில் தலைகீழாக மாறியது அதுதான். 1882-இல் இத்தாலியின் மெசினாவில் எலியா மெச்னிகோவ் நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் முள்ளைச் செருகி, செல்கள் அதைச் சூழ்ந்துகொள்வதைப் பார்த்தார். அதில் தொடங்கிய வேலைக்கு 1908-இல் பால் எர்லிஹுடன் சேர்ந்து நோபல் பரிசு கிடைத்தது. பிறகு 1960-களின் கடைசியில் ரால்ஃப் வான் ஃபர்த்தும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு தெளிவான வரைபடத்தைக் கொடுத்தார்கள்: எலும்பு மஜ்ஜையில் மோனோசைட் என்ற வெள்ளணு உருவாகிறது, இரத்தத்தில் ஓடுகிறது, ஏதாவது ஒரு திசுவுக்குள் இறங்கி மேக்ரோபேஜ் ஆகிறது. எளிமையாக இருந்ததால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். சுமார் 40 வருடம் அதுதான் பாடம்.

2010-இல் புளோரன்ட் ஜின்ஹூ குழுவினர் சுண்டெலிக் கருவில், எலும்பு மஜ்ஜையே உருவாகாத காலத்தில், மஞ்சட்கருப் பையில் இருக்கும் ஆதி செல்களுக்கு அடையாளம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். எலி வளர்ந்த பிறகு பார்த்தால் அதன் மூளையில் இருந்த மைக்ரோக்ளியாவில் அந்த அடையாளம் இருந்தது. அதாவது மூளையின் மேக்ரோபேஜ்கள் பிறப்பதற்கு வெகு முன்பே வந்து குடியேறியவை. இரத்தத்திலிருந்து அவ்வப்போது வந்து இறங்கியவை இல்லை. அடுத்த மூன்று, நான்கு வருடத்தில் மற்ற உறுப்புகளையும் இதே மாதிரி பார்த்தார்கள். கல்லீரலின் குப்ஃபர் செல்களும் கருவிலேயே வந்து அமர்ந்தவை. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் இருப்பவை கருவின் கல்லீரலில் உருவான மோனோசைட்டிலிருந்து வந்து, பிறந்த முதல் வாரத்தில் முதிர்ச்சி அடைகின்றன. குடலில் இருப்பவற்றில் பெரும்பகுதிதான் பழைய பாடம் சொன்னபடி இரத்த மோனோசைட்டால் தொடர்ந்து நிரப்பப்படுகிறது. இவை சுண்டெலியில் கண்டவை. மனிதக் கருவில் இப்படி அடையாளம் போட்டுப் பார்க்க முடியாது என்பதால் மனிதருக்கான சான்றுகள் சுற்றுவழியில்தான் வருகின்றன.

சரி, நுரையீரலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இதுதான். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உண்டு, அவற்றின் உள்பக்கத்தில், நேரடியாகக் காற்றைப் பார்த்தபடி, ஒரு வகை மேக்ரோபேஜ் உட்கார்ந்திருக்கிறது. அதன் அன்றாட வேலையில் கிருமி எப்போதாவதுதான் வரும். அங்கே தினமும் நடப்பது துப்புரவு: நுண்ணறை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலம் சுரந்துகொண்டே இருக்கும், பழையதை அகற்ற வேண்டும். இதற்குத் தேவையான கட்டளை ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதம் மூலம் வருகிறது. 1994-இல் இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியபோது இரத்த அணுக்களில் பெரிய குறை வரும் என்று எதிர்பார்த்தார்கள், அப்படி வரவில்லை. மாறாக நுரையீரல் முழுக்கச் சர்ஃபாக்டன்ட் தேங்கிவிட்டது. மனிதர்களில் இதே மாதிரி தெரியும் ஒரு அரிய நோய் 1958-லேயே விவரிக்கப்பட்டிருந்தது: நுண்ணறைகளில் புரதமும் கொழுப்பும் அடைத்து மூச்சு வாங்கும். அந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரின் உடம்பு ஜிஎம்-சிஎஸ்எஃப்-க்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கிறது என்பது 1999 வாக்கில் தெரியவந்தது. நுரையீரலை உப்புநீர் விட்டுக் கழுவினால் பால் மாதிரி வெள்ளையாக வெளியே வரும். இப்போது ஜிஎம்-சிஎஸ்எஃப்-ஐ மூச்சு வழியாகக் கொடுக்கும் சிகிச்சையும் உண்டு. ஒரு உறுப்பின் மேக்ரோபேஜுக்கு மட்டும் தேவையான ஒரு கட்டளை தடைபட்டால் அந்த உறுப்பு மட்டும் நோயில் விழுகிறது, மூளையோ கல்லீரலோ இப்படி அடைத்துக்கொள்வதில்லை. இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த நுண்ணறை மேக்ரோபேஜ் இயல்பிலேயே அடக்கமானது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் தூசி, மகரந்தம், புகை, பூஞ்சை வித்து எல்லாம் உள்ளே போகிறது. ஒவ்வொன்றுக்கும் அழற்சியைக் கிளப்பினால் நுண்ணறையில் நீர் கோத்துக்கொள்ளும், ஆக்ஸிஜன் ஏறாது. 2020-இல் வந்த ஒரு ஆய்வில், உயிருள்ள சுண்டெலியின் நுரையீரலைப் படம்பிடித்துக்கொண்டே பார்த்தபோது, இந்தச் செல்கள் ஒரு நுண்ணறையிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து போய், நியூட்ரோஃபில்கள் என்ற சண்டைக்கார வெள்ளணுக்களுக்குத் தெரியும் முன்பே பாக்டீரியாவை அள்ளி மறைத்துவிடுவது தெரிந்தது. அந்த ஊர்தலைத் தடுத்தால் நியூட்ரோஃபில்கள் திரண்டு வந்து நுரையீரலுக்குச் சேதம் செய்தன. சத்தமில்லாமல் சுத்தம் செய்யும் ஏற்பாடு இது.

காசநோய்க் கிருமிக்கு வசதியாகப் போவதும் இந்த அடக்கம்தான். டேவிட் ரஸ்ஸல் ஆய்வகம் 2018-இல் சுண்டெலிகளில் செய்த வேலையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நுரையீரலுக்குள்ளேயே இரண்டு வகை மேக்ரோபேஜ் உண்டு. ஒன்று நாம் இதுவரை பேசிய நுண்ணறை மேக்ரோபேஜ், கருவில் வேர் கொண்டது. மற்றது நுண்ணறைகளுக்கு இடைப்பட்ட திசுவில் இருப்பது, தொற்று வந்தபின் இரத்த மோனோசைட்டிலிருந்து பெருகுவது. முதல் வகை கொழுப்பு அமிலத்தை எரித்து வாழ்கிறது, தினமும் சர்ஃபாக்டன்ட் தின்னும் செல்லுக்கு அதுதான் இயல்பு. இரண்டாவது குளுக்கோஸை எரிக்கிறது. காசநோய்க் கிருமி முதல் வகைக்குள் நன்றாகப் பெருகியது, இரண்டாவதற்குள் திணறியது. முதல் வகையைக் குறைத்தால் கிருமி எண்ணிக்கை குறைந்தது, இரண்டாவது வகையைக் குறைத்தால் கூடியது. குளுக்கோஸ் எரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைக் கொடுத்தாலும் கிருமி கூடியது. ஒரே உறுப்பு, இரண்டும் மேக்ரோபேஜ், ஆனால் ஒன்று கிருமிக்கு விருந்து வைக்கிறது, இன்னொன்று பட்டினி போடுகிறது. காசநோய் இன்னமும் இவ்வளவு பேரைக் கொல்லும் ஒரு நாட்டில் இருந்துகொண்டு "மேக்ரோபேஜைத் தூண்டினால் காசநோய் கட்டுப்படும்" என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு அரைகுறை என்று இதைப் படித்தால் புரியும். எந்த மேக்ரோபேஜை?

குடலுக்குப் போனால் வேறொரு விதமான சாமர்த்தியம். மனிதக் குடல் மேக்ரோபேஜ்களைப் பிரித்தெடுத்து 2005-இல் சோதித்தபோது, அவை பாக்டீரியாவை ஆசையாக விழுங்கின, கொன்றன, ஆனால் அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களை ஏறத்தாழ வெளியிடவே இல்லை. இரத்த மோனோசைட்டுக்கு அதே பாக்டீரியாப் பொருளைக் காட்டினால் பொங்கி எழும். குடலில் இந்த அமைதியைக் காப்பதில் ஐஎல்-10 என்ற சமிக்ஞைக்குப் பெரிய பங்கு. அந்தச் சமிக்ஞையைப் பெறும் ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு முதல் வருடத்திலேயே மிகக் கடுமையான குடல் அழற்சி வருகிறது என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். சுண்டெலியில் குடல் மேக்ரோபேஜில் மட்டும் அந்த ஏற்பியை நீக்கினாலே குடல் புண்ணாகிவிடுகிறது. இத்தனைக்கும் இந்தச் செல்கள் பெரும்பாலும் புதிதாக இரத்தத்திலிருந்து வந்தவைதான். வந்த சில நாட்களில் குடல் அவற்றைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. குடல் அழற்சி நோய் வந்தவர்களில் இந்தப் பழக்கப்படுத்தல் பாதியில் நின்றுபோய், வந்த மோனோசைட்டுகள் வந்த கோலத்திலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன.

மண்ணீரலில் ஒரே வகை என்றுகூடச் சொல்ல முடியாது. செங்கூழ்ப் பகுதியில் இருப்பவை சுமார் 120 நாள் ஓடிக் களைத்த சிவப்பணுக்களைத் தின்று இரும்பை மீட்கின்றன. இந்த வேலைக்கு அவற்றுக்கு ஸ்பை-சி என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் வேண்டும், அது இல்லாத சுண்டெலியில் செங்கூழ் மேக்ரோபேஜே உருவாவதில்லை. மனித உடம்பில் ஒரு நாளைக்கு இப்படி மறுசுழற்சி ஆகும் இரும்பு 20 முதல் 25 மில்லிகிராம், சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவதோ 1 முதல் 2 மில்லிகிராம்தான். அதாவது நம் இரத்தத்துக்கு இரும்பு கொடுப்பதில் கீரையையும் பேரீச்சையையும்விட மேக்ரோபேஜுக்குத்தான் பெரிய பங்கு! இதில் நோய் எதிர்ப்பும் கலந்திருக்கிறது. நீண்டநாள் தொற்றோ அழற்சியோ இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், அது மேக்ரோபேஜிலிருந்து இரும்பு வெளியேறும் கதவை மூடிவிடும். கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்பதுதான் அதன் கணக்கு. அதனால்தான் முடக்குவாதம், காசநோய் மாதிரி நீண்ட நோயில் இருப்பவருக்கு இரத்தசோகை இருந்தாலும் இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் குறையாமல் இருப்பதைப் பார்க்கிறோம், இரும்பு மாத்திரை பெரிதாக எடுபடாமல் போவதையும் பார்க்கிறோம்.

அதே மண்ணீரலின் விளிம்புப் பகுதியில் இருப்பவை வேறு ரகம். சர்க்கரை உறை போர்த்திக்கொண்டு வரும் நிமோகாக்கஸ் மாதிரி பாக்டீரியாவை இரத்தத்திலிருந்து பிடிப்பதும், பக்கத்திலுள்ள, ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களுக்குக் காட்டி அதற்கு வழிசெய்வதும் அவற்றின் திறமை. விபத்தாலோ தலசீமியா மாதிரி நோயாலோ மண்ணீரலை எடுக்க நேர்ந்தால் மற்ற உறுப்பின் மேக்ரோபேஜ்கள் இந்த இடத்தை முழுசாக நிரப்புவதில்லை. அதனால்தான் திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே பி என்ற பாக்டீரியா) தடுப்பூசிகளைப் போட்டுவிட வேண்டும் என்கிறார்கள். வீட்டில் யாருக்காவது மண்ணீரல் எடுத்திருந்தால், காய்ச்சல் வந்தவுடன் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள், மண்ணீரல் இல்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கல்லீரலின் குப்ஃபர் செல்கள் எண்ணிக்கையில் உடம்பிலேயே பெரிய மேக்ரோபேஜ் கூட்டம். குடலிலிருந்து வரும் இரத்தம் முழுக்க அவற்றைத் தொட்டுக்கொண்டுதான் உடம்புக்குள் போகிறது. இரத்த ஓட்டத்துக்கு உள்ளேயே கால் பரப்பி நின்று பாக்டீரியாவைப் பிடிக்கின்றன, ஆனால் சாப்பாட்டோடு வரும் அந்நியப் பொருட்களைச் சகித்துக்கொள்கின்றன. ஈரல் இறுக்கம் வந்தவருக்கு இரத்தம் இவற்றைத் தொடாமல் வேறு குழாய்களில் சுற்றிப் போய்விடுகிறது, அவருக்குத் தொற்று திரும்பத் திரும்ப வர அதுவும் ஒரு காரணம்.

மூளையின் மைக்ரோக்ளியா தனிக் கட்டுரைக்கு உரியது. 1919-இல் பியோ டெல் ரியோ ஓர்டேகா அவற்றைத் தனி வகையாக அடையாளம் கண்டார். வளரும் மூளையில் தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கத்தரிப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அவற்றில் இயங்கும் ட்ரெம்2 மரபணுவின் ஒரு வேறுபாடு அல்சைமர் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2013-இல் தெரிந்தது. கிருமி பக்கத்திலேயே இல்லாதபோதும் இவற்றுக்கு இவ்வளவு வேலை.

இப்போது கடினமான கேள்வி. இந்த வித்தியாசம் எல்லாம் பிறப்பால் வந்ததா, இருக்கும் இடத்தால் வந்ததா? நாற்றங்கால் ஒன்றாக இருந்தாலும் நட்ட வயலைப் பொறுத்துத்தானே விளைச்சல், அது மாதிரி இடத்துக்குத்தான் அதிக வலு என்று 2014-இல் வந்த ஆய்வுகள் காட்டின. வயிற்றறையில் வளர்ந்து முதிர்ந்த மேக்ரோபேஜை எடுத்து நுரையீரலில் விட்டால், அதன் மரபணு இயக்கத்தில் பெரும்பகுதி நுரையீரல் பாணிக்கு மாறிவிடுகிறது. அதே வருடம் வயிற்றறையிலேயே இன்னொன்றையும் பார்த்தார்கள். அங்கே காட்டா6 என்ற புரதம்தான் அடையாளத்தைத் தருகிறது, அதை இயக்குவது வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம். வைட்டமின் ஏ குறைந்தால் அந்த மேக்ரோபேஜின் அடையாளமே கலைந்துபோகிறது. பிறகு 2016-இல் மஞ்சட்கருப் பைச் செல், கருக் கல்லீரல் மோனோசைட், பெரியவரின் எலும்பு மஜ்ஜை மோனோசைட் மூன்றையும் தனித்தனியாக, நுண்ணறை மேக்ரோபேஜ் இல்லாத சுண்டெலி நுரையீரலில் விட்டுப் பார்த்தபோது, மூன்றுமே நல்ல நுண்ணறை மேக்ரோபேஜ் ஆயின. முழுதாக முதிர்ந்த வேற்று உறுப்பு மேக்ரோபேஜ்களால்தான் அந்த அளவுக்கு இடத்தை நிரப்ப முடியவில்லை.

ஆனால் இதோடு விஷயம் முடிந்துவிடவில்லை, பூர்வீகமும் கொஞ்ச காலம் தலைகாட்டத்தான் செய்கிறது. கடுமையான இன்ஃப்ளூயன்ஸா வந்தால் நுண்ணறையின் பழைய குடிகள் பல அழிந்து, இரத்தத்திலிருந்து வந்த புதியவை அந்த இடத்தைப் பிடிக்கின்றன. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் சுண்டெலியில் 2020-இல் பார்த்தபோது புதியவை ஐஎல்-6 என்ற சைட்டோகைனை அதிகம் சுரந்தன, அதனால் சில வாரங்கள் கழித்து நிமோகாக்கஸ் வந்தபோது அந்த எலிகளுக்குப் பாதுகாப்பு கூடியிருந்தது. வேறு சூழலில் இதே புதியவை தீங்கு செய்கின்றன: நுரையீரலில் தழும்பு விழும் ஃபைப்ரோசிஸ் நோயை சுண்டெலியில் முன்னெடுத்தவை மோனோசைட்டிலிருந்து வந்த மேக்ரோபேஜ்களே. கோவிட் முதல் வருடத்தில் கடுமையாக நோயுற்றவர்களின் நுரையீரல் கழுவுநீரைப் பார்த்தபோதும் வழக்கமான நுண்ணறை மேக்ரோபேஜ் குறைந்து, மோனோசைட் வழி வந்த அழற்சி வகை நிறைந்திருந்தது. என் பார்வையில் ஒரு நோயில் மேக்ரோபேஜின் பங்கைப் புரிந்துகொள்ள முதலில் கேட்க வேண்டியது, அங்கே இருப்பது பழைய குடியா புதிதாக வந்ததா, வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான். அழற்சி வகை, ஆற்றும் வகை என்று எம்1, எம்2 எனப் பிரிக்கும் பழைய வழக்கம் பாடம் நடத்த வசதியானது, நோயாளியின் திசுவில் அப்படி இரண்டு பெட்டியில் அடங்குவதைப் பார்க்க முடியாது.

ஆய்வகத்தில் மேக்ரோபேஜ் எங்கிருந்து வருகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் சுண்டெலியின் தொடை எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம் சேர்த்து ஒரு வாரம் வளர்ப்பார்கள். அல்லது வயிற்றறைக்குள் தையோகிளைகோலேட் என்ற அழற்சி தூண்டும் கலவையைச் செலுத்தி மூன்று, நான்கு நாள் கழித்து வரும் செல்களை உறிஞ்சி எடுப்பார்கள், அவை பெரும்பாலும் அழற்சிக்காக ஓடிவந்தவை, அங்கே குடியிருந்தவை இல்லை. அதைவிட எளிது ரா 264.7 என்ற, ஆய்வகத்தில் முடிவில்லாமல் பெருகும் செல் வரிசை, சுண்டெலியின் வைரஸ் புற்றுக்கட்டியிலிருந்து வந்தது. மனித வகை வேண்டுமென்றால் டிஹெச்பி-1, ஒரு குழந்தையின் இரத்தப் புற்றிலிருந்து வந்தது. எந்த வகையை எடுத்தாலும் அது ஒரு உறுப்பில் வளர்ந்த மேக்ரோபேஜ் இல்லை. உறுப்பிலிருந்து நேரடியாக எடுத்தாலும் ஆய்வக வளர்ப்புத் தட்டில் போட்ட சில மணி நேரத்திலேயே அடையாளம் கரையத் தொடங்கிவிடுகிறது. மனித மைக்ரோக்ளியாவில் இது ஆறே மணி நேரத்தில் தெரிந்தது. கிருமியைக் கொல்ல உதவும் நைட்ரிக் ஆக்ஸைடு விஷயமும் உண்டு: சுண்டெலி மேக்ரோபேஜ் தட்டில் அதை ஏராளமாகச் சுரக்கும், மனித மேக்ரோபேஜ் அதே தூண்டலுக்கு மிகச் சொற்பமாகத்தான் தரும்.

அதனால் ஏதோ ஒரு மூலிகைச் சாறு "மேக்ரோபேஜைத் தூண்டி நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறது" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், எந்த மேக்ரோபேஜ் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ரா 264.7 தட்டில் நைட்ரிக் ஆக்ஸைடு கூடியது அல்லது குறைந்தது என்பதாக இருக்கும். சாறு கெட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சோதனையால் உங்கள் நுரையீரலைப் பற்றியோ குடலைப் பற்றியோ எதுவும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். குடலில் மேக்ரோபேஜ் தூண்டப்படுவது உங்களுக்கு நல்லதா என்பதே கேள்வி.

இந்தக் குறையைச் சரிசெய்யும் வேலையும் நடக்கிறது. சுண்டெலிக் கருவின் கல்லீரலிலிருந்து எடுத்த செல்களை ஜிஎம்-சிஎஸ்எஃப், டிஜிஎஃப்-பீட்டா என்ற இரண்டு சமிக்ஞைப் புரதங்களும் சேர்த்து வளர்த்தால், நுண்ணறை மேக்ரோபேஜின் குணத்தோடு நீண்ட காலம் பெருகிக்கொண்டே இருக்கின்றன என்று 2022-இல் காட்டினார்கள். நுரையீரல் கொடுக்கும் அதே கட்டளைகளைத் தட்டிலேயே கொடுத்துவிடுகிறார்கள். காசநோய் மருந்துக்கான முதல் கட்டச் சோதனைகள், கிருமி உண்மையில் போய் ஒளிந்துகொள்ளும் செல்லுக்கு இவ்வளவு நெருக்கமான ஒன்றில் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம். எலும்பு மஜ்ஜைச் செல் கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதிலேயே நின்றுவிடக் கூடாது.